மனநலப் பரிசோதனை: முதலில் யாரிடம் போவது?

“மூன்று மாதமாக மகன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. குடும்ப டாக்டர் போதுமா, மனநல மருத்துவரிடமே போய்விடலாமா, இல்லை கவுன்சலிங் ஏதாவது பார்க்கலாமா?” பெயரும் ஊரும் மாறி இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர் அதற்குள் கைபேசியில் ஒரு கேள்வித்தாளை நிரப்பி மதிப்பெண்ணும் பார்த்திருப்பார். ஒருமுறை குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய் வரச் சொல்லி வீட்டுப் பெரியவர் ஒருவர் நச்சரித்துக்கொண்டிருப்பார். உறவினர்களிடம் “நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறோம்” என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்ற யோசனையும் ஓடும். அந்த மறைப்பு நம் ஊரில் அவ்வளவு பழகிவிட்டது. கிளினிக் பலகைகளிலேயே ‘நரம்பு மற்றும் மனநல மருத்துவர்’ என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் (நோய்க்கு நோய் இது மாறும்) சிகிச்சைக்கு வெளியேதான் இருந்தார்கள். யாரிடம் போவது என்ற குழப்பமும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, குடும்ப டாக்டரிடம் ரத்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு நேராக மனநல மருத்துவரிடம் போவதே சரியான வரிசை. உளவியல் டெஸ்டுகள் அதற்குப் பிறகு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இந்த வரிசை பொருந்தாத இடங்களும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

உங்களுக்கு என்ன வேண்டும் என்பது முதல் அளவுகோல். தூக்கமும் வேலையும் கெட்டுவிட்டன, சரியாக வேண்டும் என்பது ஒரு தேவை. மகளுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கச் சான்றிதழ் வேண்டும் என்பது வேறு தேவை. அப்பாவின் மறதி வயதால் வந்ததா, நோயா என்பது இன்னொன்று. தேவைக்கு ஏற்றபடி போக வேண்டிய இடமும் மாறும்.

அடுத்தது, உடல் நோயை விலக்கிப் பார்க்க அங்கே வழி இருக்கிறதா என்பது. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ (ஸ்கிசோஃப்ரீனியா) உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை கிடையாது; ஸ்கேனும் கிடையாது. ஆனால் அவற்றைப் போல வேடம் போடும் உடல் நோய்களைப் பரிசோதனையில் பிடித்துவிடலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் மந்தமும் வரும், கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். பி12 குறைவும் ரத்தசோகையும் ஆளை முடக்கிப் போடும். சில வகை வலிப்பு நோய்களில் இல்லாத வாசனை அடிக்கும், இல்லாத குரல் கேட்கும். ஸ்டீராய்டு மாத்திரைகூட மனநிலையைப் புரட்டிப் போடக்கூடியது.

மூன்றாவது நேரம். மனநோயைக் கண்டறிவது பெரும்பாலும் பேச்சில்தான் நடக்கிறது. கேட்க நேரமில்லாத இடத்தில் எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தும் பயனில்லை. நோயாளியின் பேச்சோடு கூடவே வீட்டாரின் பேச்சையும் கேட்டாக வேண்டும்.

நான்காவதை நம்மில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கோ எல்லாவற்றையும்விட அதுதான் பெரிது. அதே மருத்துவரை மறுபடி பார்க்க முடியுமா? மனநோயின் பெயர் பல நேரம் முதல் நாளில் முடிவாவதில்லை. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 2013இல் வெளியானது. அதன் களச் சோதனைகளில், ஒரே நபரை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். முழு ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு 0.67 வந்தது, மனச்சோர்வுக்கு வெறும் 0.28. மனச்சோர்வு போன்ற சர்வசாதாரணமான நோயிலேயே இந்த நிலை. மனச்சிதைவு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 அறிகுறிகள் ஒரு மாதம் நீடித்தால் போதும் என்கிறது, அமெரிக்காவின் டி.எஸ்.எம். நோயின் தடயம் ஆறு மாதம் வேண்டும் என்கிறது. இத்தகைய நோய்க்கு ஒரே ஒரு சந்திப்பில் பெயர் சூட்டிவிட்டால் அது பாதி ஊகமாகத்தான் இருக்கும்.

கடைசியாகப் பணம். டாக்டர் ஃபீஸ் அதில் சிறு பகுதிதான். கூட வருபவரின் ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு, திரும்ப எடுக்க வேண்டிவரும் டெஸ்டுகள் எல்லாம் கணக்கில் சேரும்.

## கைபேசியில் கேள்வித்தாள்

இலவசம், யாருக்கும் தெரியாமல் நள்ளிரவிலும் நிரப்பலாம். அதிகம் புழங்குவது பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்பது பொது வழக்கம்.

‘இருக்கலாம்’ என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2001இல் வெளியான மூல ஆய்வில், பத்து மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது நோய் உள்ளவர்களில் 88 சதவீதத்தினரை அது பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 1,000 பேர் நிரப்புகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50இல் 44 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 114 பேருக்கும் நோய் இருப்பதாகக் காட்டும். ஆக, பத்தோ அதற்கு மேலோ வாங்கிய 158 பேரில் நோயாளிகள் 44 பேர்தான். தாளில் குறையொன்றும் இல்லை. யாரை மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கவே அதை உருவாக்கினார்கள்.

அது கேட்காத கேள்விகளும் உண்டு. உங்கள் தைராய்டைப் பற்றி அதற்குத் தெரியாது. போன மாதம் வீட்டில் சாவு விழுந்தது தெரியாது. எப்போதாவது மூன்று நாள் தூங்காமலே களைப்பில்லாமல் சுற்றினீர்களா, கையில் இருந்த பணத்தையெல்லாம் அள்ளி விட்டீர்களா என்று கேட்காது. அந்தக் கேள்வி இல்லாமல் இருமுனை நோயை (சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது) வெறும் மனச்சோர்விலிருந்து பிரிக்க முடியாது. பிரிக்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு மனஎழுச்சி கிளம்பிவிடும்.

போவதா வேண்டாமா என்று ஊசலாடுபவருக்குத் தாள் ஒரு தூண்டுதல். டாக்டரிடம் பேச வாய் வராதவர் அதை நிரப்பி அப்படியே நீட்டிவிடலாம். ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எதைப் போட்டிருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, தேவைப்பட்டால் மருத்துவருக்கு இணைத்துவிடுவார்கள்.

## குடும்ப டாக்டர்

நம் மக்கள் மனக்கவலையை உடம்பில்தான் சொல்வார்கள். நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, வாயு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது. அதனால் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் குடும்ப டாக்டர்தான். அது நல்லதும்கூட. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி.; இவற்றை அங்கேயே முடித்துவிடலாம். குடும்பத்தைப் பல வருடமாகத் தெரிந்தவர் என்பதும் பெரிய வசதி.

மறைமுகச் செலவு மாத்திரைச் சீட்டில் ஒளிந்திருக்கும். தூக்கம் வரவில்லை என்றதும் அல்பிரசோலாம் போன்ற மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு சத்து ஊசியும் போட்டு அனுப்பிவிடுவது உண்டு. முதல் இரவே தூக்கம் வந்துவிடும், அதனால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்த வகை மாத்திரைக்கு உடம்பு பழகிவிடும். பல மாதம் கழித்து நிறுத்தப் பார்த்தால் பழைய பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். அடியில் இருந்த நோய்க்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். ரத்த முடிவுகள் சரியாக இருந்து இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் இல்லை என்றால், பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு

‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லை வசவாகவே வளர்த்துவிட்ட ஊர் நம்முடையது. 1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் நிழல் தமிழ்நாடு முழுக்க அரசு மனநலப் பிரிவுகள் மேல் விழுந்து கிடக்கிறது. உண்மையில் நீங்கள் அங்கே போகவே வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு, தோல் பிரிவுக்கும் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கும் பக்கத்தில் சாதாரணப் புறநோயாளிப் பிரிவாகவே இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய அரசு 1996இல் முதன்முதலாக எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நன்மை, பட்டமேற்படிப்பு மாணவர்கள். புதிதாக வரும் நோயாளியை அவர்கள்தான் முதலில் உட்காரவைத்து விரிவாக விசாரிப்பார்கள். பிறந்தது முதல் படிப்பு, கல்யாணம், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பது வரை எழுதுவார்கள். “காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது?” என்பார்கள். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே விழித்து, விடியும்போதுதான் மனம் மிக மோசமாக இருக்கிறது என்றால், அது கடுமையான மனச்சோர்வின் அடையாளம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள்; கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கத்தான். “யானைக்கும் அடி சறுக்கும் என்றால் என்ன?” என்று கேட்டால் கேலி செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். யானை வழுக்கி விழும் என்று மட்டும் பதில் வந்தால், சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பிடிப்பதில் தடுமாற்றம் இருக்கிறதா என்று மேலும் பார்ப்பார்கள். நீங்கள் உட்கார்ந்த விதம், உடை, பேச்சின் வேகம், கண் எங்கே போகிறது என்று சொல்லாமலே கவனித்த பட்டியல் வேறு. பிறகு பேராசிரியர் முன் எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். இரண்டு பேர் மூளை, ஒரு பைசா செலவில்லை. மாத்திரையும் இலவசம்.

குறைகள் இல்லாமல் இல்லை. அதிகாலையிலேயே சீட்டு வாங்க நிற்க வேண்டும். முதல் நாள் முழுவதும் போய்விடும். தனியறை கிடைக்காமல், பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி குடும்பச் சங்கதியைப் பேச வேண்டியிருக்கும். அடுத்த முறை அதே மருத்துவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. நான் பெரிதாகச் சொன்ன நான்காவது அளவுகோல் இங்கேதான் அடிவாங்குகிறது. நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும், உங்களைப் பார்த்த யூனிட்டின் (மருத்துவர் குழுவின்) நாளிலேயே திரும்பப் போவதும் ஓரளவு ஈடுசெய்யும். மருத்துவக் கல்லூரி இல்லாத சிறு மருத்துவமனைகளில் விசாரிப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே இந்த நன்மை கிடையாது.

சான்றிதழ் வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அரசு நியமித்த மருத்துவ அதிகாரி அல்லது குழு தரும் சான்றே செல்லும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். வெளியில் சில ஆயிரம் கொடுத்து டெஸ்ட் எடுத்துவிட்டு, பிறகு இதே டெஸ்டுக்காக அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் பெற்றோர் ஏராளம்.

## தனியார் மனநல மருத்துவர்

நேரம் குறித்துப் போகலாம், தனியறையில் பேசலாம், ஒவ்வொரு முறையும் அவரையே பார்க்கலாம். வேலையை விட முடியாதவர்களுக்கும், ஊர் வாய்க்கு அஞ்சுபவர்களுக்கும் இது சரி. நீண்ட நாள் பார்க்க வேண்டிய இருமுனை நோய் போன்றவற்றுக்கு, கையில் வசதி இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மனநலப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்து ஐந்து மாத்திரையோடு வெளியே வந்தால் வேறொருவரைத் தேடுங்கள். மாதாமாதம் மருந்துச் செலவு ஃபீஸைத் தாண்டிப் போகும். மனநோய்க்கும் உடல் நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மனநோயில் பெரும்பகுதி புறநோயாளிச் செலவுதான். நம்பி இருக்காதீர்கள்.

அனுமதிக்க வேண்டிய நிலை வந்தால், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் போல, குடும்பத்தாரும் கூடத் தங்கும் ஏற்பாடு உள்ள இடங்களை முதலில் விசாரியுங்கள். 1957 முதல் இயங்கும் அந்த மையத்தில் வீட்டாரும் சிகிச்சையில் ஓர் அங்கம்.

## மருத்துவ உளவியலாளர்

இவர் மாத்திரை எழுத முடியாது. பேச்சுச் சிகிச்சையும், முறையான உளவியல் டெஸ்டுகளும் இவர் வேலை. எம்.பில். போன்ற மருத்துவ உளவியல் பட்டம் முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுபவர்களில் ஆறு வார வகுப்புக்குப் போய்வந்தவரும் இருக்கிறார்.

அறிவுத்திறன் அளவு, கற்றல் குறைபாடு, முதியவரின் மறதி, மருத்துவரே குழம்பும் சிக்கலான நிலைமை: இவற்றில் டெஸ்டுகளுக்கு மாற்று கிடையாது. தெளிவான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அவை அநேகமாகத் தேவையே இல்லை. மைக்கறைப் படங்களைக் காட்டி, இருபது பக்க ரிப்போர்ட் கொடுத்தால் கனமாகத்தான் இருக்கும். அந்தக் கனத்துக்கே பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். “இந்த டெஸ்டின் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?” என்று முன்னதாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைச் சிகிச்சைக்கு வையுங்கள். குழந்தைக்கு ஒரே அறிவுத்திறன் டெஸ்டைச் சில மாதங்களுக்குள் திரும்ப எடுத்தால், பழக்கத்தால் மதிப்பெண் கூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோயில், தர்கா பற்றியும் கேட்கிறீர்கள். போய் வாருங்கள், மாத்திரையை நிறுத்தாமல். நோயாளியை விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். ஏர்வாடி தர்கா அருகே இருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6இல், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள்.

## எந்த நிலைமைக்கு எது

| நிலைமை | முதலில் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| சில வாரச் சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு | குடும்ப டாக்டர், ரத்தப் பரிசோதனை | தூக்க மாத்திரை மட்டும் தந்தால் அதோடு நின்றுவிட வேண்டாம் |
| குரல் கேட்பது, வீண் சந்தேகம், அறைக்குள் முடங்குவது | மனநல மருத்துவர் (அரசு மருத்துவக் கல்லூரி அல்லது தனியார்) | தாமதம் கூடாது |
| ஒரு காலம் சோர்வு, ஒரு காலம் அளவுக்கு மீறிய உற்சாகம் | தொடர்ந்து பார்க்கக்கூடிய ஒரே மனநல மருத்துவர் | பழைய உற்சாகக் காலத்தை வீட்டார் சொல்ல வேண்டும் |
| பள்ளிப் பிள்ளைக்குச் சான்றிதழ் | அரசு மருத்துவமனை | வெளி டெஸ்டுக்கு முன்பே விசாரியுங்கள் |
| சிகிச்சை நடக்கிறது, பேச இடம் வேண்டும் | பதிவு பெற்ற உளவியலாளர் | மாத்திரையை அவர் பேச்சில் நிறுத்தாதீர்கள் |

இந்த ஒப்பீடெல்லாம் அவகாசம் இருப்பவர்களுக்கு. தற்கொலைத் திட்டம் வாயில் வந்துவிட்டது, பிரசவமான சில வாரங்களில் தாய் தூங்காமல் பிதற்றுகிறாள், நேற்று வரை நன்றாக இருந்த முதியவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறுகிறார் என்றால் 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதியவரின் திடீர்க் குழப்பம் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு போன்ற உடல் கோளாறாக இருக்கும். மனநல மருத்துவரைத் தேடி அலைந்தால் நேரம் வீணாகும்.

## போகும்போது

ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எது முதலில் மாறியது, தூக்கம் எத்தனை மணி நேரம், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், நாட்டு மருந்து உட்பட. குடியும் கஞ்சாவும் இருந்தால் மறைக்காதீர்கள். அவை இருப்பது தெரியாமல் வைக்கும் பெயர் தவறாகத்தான் போகும். வீட்டில் கூடவே இருப்பவரை அழைத்துப் போங்கள், ஆனால் நோயாளி தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

இன்னொன்று. சாதி மாறிக் காதலித்த மகளை “மூளை சரியில்லை” என்று இழுத்து வருபவர்களும் இதைப் படிக்கலாம். ஊரின் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. பண்டு ஒருநாள் சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து இன்றும் நோயாளி என்று சொல்லக்கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. தன் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. வெளியே வருமுன் “இப்போதைக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், எதைப் பார்த்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள், மறுபடி எப்போது வர வேண்டும்?” என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலை நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.